சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சியில் (மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலர்) சென்சார் அளவு தப்பாக வருகிறதா? கேள்வி பதில்

கேள்வி: சார், 0–10 பார் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், 4–20 மில்லி ஆம்பியர். எஸ்எம் 1231 அனலாக் இன்புட் கார்டில் கொடுத்திருக்கிறேன். லைனில் பிரஷரே இல்லாதபோதும் ஸ்கிரீனில் 2 பார் நிற்கிறது. 10 பாரில் மட்டும் சரியாக இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். 5 பார் கொடுத்துப் பாருங்கள். ஸ்கிரீனில் 6 வந்தால் சந்தேகமே இல்லை, கார்டில் அந்த இன்புட் சேனல் 4–20க்குப் பதில் 0–20 என்று செட் ஆகியிருக்கிறது. சீமென்ஸில் இரண்டு ரேஞ்சிலுமே 20 மில்லி ஆம்பியருக்குக் கார்டு தரும் எண் 27648தான். ஆனால் 0–20ல் வைத்தால் 4 மில்லி ஆம்பியருக்கே 5530 வந்துவிடும். முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு. அதுதான் உங்கள் 2 பார்.

சேனலை 4–20க்கு மாற்றி டவுன்லோட் செய்யுங்கள். 4 மில்லி ஆம்பியருக்கு 0 வரும். அப்புறம் புரோகிராமில், கார்டு எண்ணை 0–1 அளவுக்கு மாற்றும் நார்ம்_எக்ஸில் மினிமம் 0, மேக்சிமம் 27648; அதைப் பாராக மாற்றும் ஸ்கேல்_எக்ஸில் 0.0, 10.0. சிலர் சேனலைத் தொடாமல் புரோகிராமில் 2ஐக் கழித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், 10 பாரில் 8 காட்டும். எந்த அளவு தப்பாக வந்தாலும் முதலில் வாட்ச் டேபிளில் (பிஎல்சிக்குள் ஓடும் எண்களை நேரடியாகக் காட்டும் பட்டியல்) கார்டு தரும் எண்ணைப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: கார்டு இல்லை. சிபியுவிலேயே இருக்கும் அனலாக் இன்புட்டில் 4–20ஐக் கொடுக்கலாமா?

பதில்: அவை 0–10 வோல்ட் இன்புட்கள். குறுக்கே 500 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 2–10 வோல்ட் ஆகும். அப்போது மட்டும் நார்ம்_எக்ஸின் மினிமம் 5530. ரெசிஸ்டர் துல்லியமானதாக இருக்கட்டும்.

கேள்வி: அண்ணே, சென்சார் ஒயர் அறுந்தால் பிரஷர் இல்லை என்று நினைத்துப் பம்ப் முழு வேகத்தில் ஓடுகிறது. எப்படித் தடுப்பது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி, பலர் விட்டுவிடும் இடம் இது. ஆட்டோமேஷன் பயன்படுத்தும் தொழிற்சாலைகளின் அமைப்பான நாமூரின் என்இ 43 பரிந்துரைப்படி 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழேயும் 21க்கு மேலேயும் போனால் அது அளவே அல்ல, கோளாறு. 4–20 சேனலில் அவை −691, 29376. ஸ்கேல் செய்வதற்கு முன்பே இந்த இரண்டு எல்லைகளோடும் ஒப்பிட்டு, வெளியே போனால் ஃபால்ட் பிட்டைப் போட்டுப் பம்பை நிறுத்துங்கள். ஒயர் பிரேக் டயக்னோஸ்டிக்ஸ் ஆனில் இருந்தால் ஒயர் அறுந்ததும் 32767 வரும். அதுவும் இதிலேயே மாட்டிக்கொள்ளும். நார்ம்_எக்ஸ் தானாக எல்லை கட்டாது, எந்த எண் வந்தாலும் அப்படியே கணக்குப் போட்டு அனுப்பிவிடும்.

கேள்வி: மாட்பஸ் (கருவிகள் டேட்டா பரிமாறும் முறை) வழியாக இணைத்த டெம்பரேச்சர் மீட்டரில் 25 டிகிரி. பிஎல்சியில் பூஜ்யம் மாதிரி ஏதோ வருகிறது.

பதில்: மீட்டர் இந்த அளவை இரண்டு ரெஜிஸ்டர்களாக (வேர்டுகளாக) அனுப்புகிறது. இரண்டையும் ஹெக்ஸில் (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறை) பாருங்கள். 25.0 என்றால் 41சி8, 0000 என்ற வரிசையில் இருக்க வேண்டும். 0000 முன்னால் இருந்தால் வேர்டு வரிசை தலைகீழ். இரண்டையும் இடம் மாற்றி ரியல் வகை (தசம எண்) டேகில் போடுங்கள்.

கேள்வி: ஃப்ளோ மீட்டர் 200 ஹெர்ட்ஸ் பல்ஸ் தருகிறது. ஹை ஸ்பீட் கவுன்டர் போட்டும் எண்ணவில்லை.

பதில்: இன்புட் ஃபில்டர் (இதைவிடக் குறுகிய பல்ஸைத் தள்ளிவிடும் செட்டிங்) மாற்றாமல் விட்டால் 6.4 மில்லி செகண்ட். உங்கள் பல்ஸ் ஆனில் இருப்பதோ ஏறக்குறைய 2.5தான். அந்த ஒரு இன்புட்டுக்கு மட்டும் 0.4க்குக் குறையுங்கள்.