எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டால் ஏன் கசக்கிறது?

கேள்வி: எங்களுக்குச் செங்கோட்டை. புளியங்குடி எலுமிச்சை வீட்டில் எப்போதும் இருக்கும். ஒரு கேக் வீடியோவைப் பார்த்து, தோலையும் துருவி மாவில் சேர்த்தேன். கேக் முழுக்கக் கசந்துவிட்டது. இந்தத் தோலைச் சாதம், பாயசம் போன்றவற்றில் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். உங்கள் கேக்கைக் கெடுத்தது பெரும்பாலும் தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதிதான். பழத்தின் மேல் பொடிப்பொடியாகத் தெரிகிறதே, அந்தப் புள்ளிகள் எல்லாம் எண்ணெய்ப் பைகள். வாசனை அங்கேதான் இருக்கிறது. வெள்ளையில் கசப்பைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது தடித்த தோல் உள்ள லெமன். நம் புளியங்குடிப் பழம் வேறு இனம். தோல் மிக மெல்லியது. அவர்கள் தேய்க்கிற மாதிரி தேய்த்தால் இரண்டாவது இழுப்பிலேயே வெள்ளை வந்துவிடும். அதனால் துருவியின் சிறு துளைப் பக்கத்தில், அழுத்தாமல், ஓர் இடத்தில் ஒரே இழுப்பு. உடனே பழத்தைத் திருப்பிவிடுங்கள். ஒரு பழத்துக்கு அரை டீஸ்பூன் கிடைத்தால் போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். சாறு பிழிவதற்கு முன்பே துருவிவிடுங்கள். பிழிந்த பழம் கைக்கு அடங்காது.

'அப்படியென்றால் நார்த்தங்காய் ஊறுகாயில் வெள்ளையோடு சேர்த்துத்தானே தின்கிறோம்?' என்று கேட்பீர்கள். அங்கே உப்பு கசப்பை அமுக்கிவிடுகிறது. கேக்கில் அந்த அளவு உப்புக்கு வழியில்லை.

இந்த வாசனை தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயிலும் நெய்யிலும் நன்றாகக் கரையும். நீண்ட நேரம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். எலுமிச்சை சாதத்துக்குத் தாளித்து, அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே துருவலைப் போட்டுப் புரட்டுங்கள். அப்புறம் சாறு விட்டுச் சாதத்தைக் கிளறுங்கள். இரண்டு கப் சாதத்துக்கு ஒரு பழத்தின் துருவல் சரியாக இருக்கும். கேக்குக்கு என்றால் முதலில் சர்க்கரையோடு சேர்த்து விரலால் கசக்குங்கள். சர்க்கரை ஈரமாகி மணக்கும்போது மற்றதைச் சேர்க்கலாம்.

பாயசத்தில்தான் இதன் அருமை தெரியும். சாறு விட்டால் பால் திரிந்துவிடும். பாலைத் திரிக்கும் அளவுக்குத் தோலில் புளிப்பு இல்லை. சேமியா, அரிசிப் பாயசத்தில் கமலா ஆரஞ்சுத் துருவலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை போடுங்கள். ஏலக்காயைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்து நம் கல்யாணப் பந்திக்கு வந்த பாலடைப் பிரதமன் என்ற பாயசத்தில் மட்டும் போடாதீர்கள். குறுகிய பாலின் ருசிக்காகவே செய்வது அது, வேறு மணம் சேர்ப்பது அநியாயம். தேங்காய்ப்பால் விட்ட மீன் மோளியில், இறக்கும்போது எலுமிச்சைத் துருவல் தூவிப் பாருங்கள். மீன் வாடை நன்றாக அடங்கும்.

வீட்டு மரத்துப் பழம் என்றால் கழுவித் துடைத்தாலே போதும். கடையில் பளபளவென்று இருக்கும் ஆரஞ்சில் மெழுகு பூசியிருக்கலாம். வெந்நீரில் சில நொடிகள் முக்கி, சொரசொரப்பான துணியால் அழுத்தித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு துருவுங்கள். மிஞ்சிய துருவலை வெயிலில் உலர்த்தினால் மணம் போய்விடும். சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.