பழைய பிக்கப், புதுச் சத்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் முக்கால்வாசி "இன்ஜினில் சத்தம் வருகிறது, என்னவாக இருக்கும்?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. சத்தம் எப்படி இருக்கிறது என்று விதவிதமாக எழுதியிருக்கிறீர்கள். தகர டப்பாவில் கல்லைக் குலுக்குவது போல, கதவைத் தட்டுவது போல என்றெல்லாம். அதைவிட எனக்கு வேண்டியது, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? நின்ற இடத்திலா, ஏற்றத்திலா? ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? இதைச் சொன்னவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

18 வருடப் பெட்ரோல் பிக்கப். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று வேகமாக ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் தானாகப் போய்விடுகிறது. டேப்பெட் (வால்வு இடைவெளி) என்று சொல்லி இரண்டு முறை அட்ஜஸ்ட் செய்தாகிவிட்டது. சத்தம் அப்படியே இருக்கிறது.

இரண்டு முறை அட்ஜஸ்ட் செய்தும் கொஞ்சம்கூட மாறவில்லை என்றால் டேப்பெட்டை விட்டுவிடுங்கள். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். வருடக்கணக்கில் சூடாகி, குளிர்ந்து, நீண்டு, சுருங்கி, மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று முறிந்திருக்கும். பெரும்பாலும் இரண்டு கோடிகளில் இருப்பவைதான் முறியும், ஏனென்றால் இழுப்பு அங்கேதான் அதிகம். முறிந்த இடத்தில் மேனிஃபோல்ட் ஒரு மயிரிழை விலகி நிற்கும். அந்த சிலிண்டர் புகையைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கில் ஒரு டிக். சூடேறியதும் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துவிடுகிறது, சத்தமும் நின்றுவிடுகிறது.

டார்ச் அடித்துக் கடைசி சிலிண்டர் பக்கம் பாருங்கள். நட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டையோ, இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடோ தெரிந்தால் அதுதான். தெரியவில்லையா? ஒரு மீட்டர் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதோரம் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்துங்கள். கசியும் இடம் வந்ததும் காதில் அறைவது போலக் கேட்கும். ஃபேனும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனியுங்கள்.

முறிந்த ஸ்டட்டை எடுப்பதுதான் இதில் உண்மையான வேலை. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். துரு இளக்கும் ஆயிலை முந்தின இரவே விட்டு ஊறவைத்து, நீட்டியிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து திருப்பினால் வந்துவிடும். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளோடு முறிந்திருந்தால் சரியாக நடுவில் டிரில் போட வேண்டும். அதில் கை பழகாதவர்கள் முயல வேண்டாம். முறிந்த போல்ட்டை எடுக்கும் கருவியும் உள்ளேயே முறிந்துவிட்டால், அந்த எஃகில் சாதாரண டிரில் ஏறாது. அப்புறம் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். மேனிஃபோல்டைக் கழற்றியதும் நேரான இரும்புப் பட்டையை அதன் முகத்தில் வைத்து வளைவு பாருங்கள். வளைந்ததை அப்படியே மாட்டினால் புது ஸ்டட்டும் முறியும்.

ஐந்து நிமிடச் சத்தம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கசியும் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. கேபினுக்குள் வரும்போது மணம் தெரியாது.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, 2,80,000 கிலோமீட்டர் ஓடியது. சூடான பிறகு ஐட்லிங்கில் டொக் டொக் என்று கனமான சத்தம். இன்ஜினைப் பிரித்து கிராங்க் வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு செலவுக்கு வண்டி பெறாது. வேறு ஏதாவது இருக்குமா சார்?

இருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பிரிப்பதற்கு முன்னால் அநேகமாகக் காசே ஆகாத சில சோதனைகள் இருக்கின்றன.

முதலில் தாளம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. 750 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 750 சுற்று) ஐட்லிங்கில் ஒரு வால்வின் சத்தம் விநாடிக்கு ஆறு தடவை வரும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பேரிங்கின் சத்தம் பன்னிரண்டு தடவைக்கு மேல். மேஜையில் விரலால் தட்டிப் பாருங்கள். விரல் ஈடுகொடுத்தால் சத்தம் பெரும்பாலும் இன்ஜினின் மேல்பாதியில். விரல் தோற்றுப்போனால் கீழ்பாதியில்.

அடுத்து, நின்ற இடத்திலேயே 2,500 ஆர்பிஎம் வரை மெதுவாகக் கொண்டுபோய், ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள். ராடு பேரிங் தேய்ந்திருந்தால், விடும் அந்தக் கணத்தில் சத்தம் தெளிவாக வெளியே வரும். பிறகு இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் டொக் அடங்கினால் குற்றவாளி அந்த சிலிண்டர்.

மூன்றாவது ஆயில் பிரஷர். டேஷ்போர்டு விளக்கை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் வெறும் சுவிட்ச். பிரஷர் ஏறக்குறைய செத்த பிறகுதான் எரியும். அந்த சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் பார்க்க வேண்டும். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறையில் புழங்கும் பழைய கணக்கு. துல்லியமான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கடைசியாக, ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டி, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் இருந்தால் காந்தம் வையுங்கள். காந்தத்தில் ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ மின்னினால் அது பேரிங்கின் உலோகம். பேச்சு முடிந்தது.

இவை எல்லாம் சுத்தமாக வந்தால்? உங்கள் வண்டி ஆட்டோமேட்டிக் என்பதால் இதைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் இதே சத்தத்தோடு வந்த ஒரு பிக்கப்பை, ராடு பேரிங்தான் என்று அடித்துச் சொல்லி ஆயில் சம்ப்பை இறக்கினேன். ராடு கேப்பைக் கழற்றினால் பேரிங் ஷெல் புதிது போல மங்கலான சாம்பல் நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. எட்டும் அப்படியே. மாட்டி ஸ்டார்ட் செய்தால் அதே டொக் டொக். அப்புறம்தான் கியர்பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் பக்கத்து மூடியைத் திறந்தேன். கிராங்கையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டில், கிராங்கோடு சேரும் போல்ட்டுகளைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. நான்கு போல்ட் மூடியைத் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் இரண்டு நாளைக் கொன்றேன்.

ஆகவே அந்த மூடியை முதலில் திறக்கச் சொல்லுங்கள். பார்க்கிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது சத்தம் மாறுகிறது, ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிறது, எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் சத்தம் அடங்கவில்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் என் சந்தேகம் ஃப்ளெக்ஸ் பிளேட் மேல்தான். கன்வர்ட்டர் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும்.

ராடு பேரிங்தான் என்று உறுதியானால் வண்டியை ஓட்டாதீர்கள், பட்டறைக்குக்கூட. ராடு முறிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் மிஞ்சுவது பழைய இரும்பு. சீக்கிரம் நிறுத்தினால் கிராங்கில் கீறல் விழாமல் இருக்கலாம். மைக்ரோமீட்டரில் அளந்து அளவு சரியாக இருந்தால் பேரிங் மாற்றினாலே போதும். கீறியிருந்தால் கிராங்கைக் கிரைண்ட் செய்து 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டிவரும்.

சத்தத்துக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும் என்கிறார் நண்பர். கூடவே ஒரு டப்பா அடிட்டிவ். செய்யலாமா?

சத்தம் குறையும். தேய்மானம் அப்படியே இருக்கும். வண்டியை விற்கப் போகிறவர் செய்கிற வேலை இது, வைத்திருக்கப் போகிறவர் செய்கிற வேலை அல்ல. குளிரில் கெட்டி ஆயில் மேலே ஏற நேரம் எடுக்கும், அந்த சில விநாடிகளில் கேம் காய்ந்து ஓடும். மேனுவல் அனுமதிக்கும் கிரேடுகளில் கெட்டியானது ஒன்று இருந்தால், வயதான இன்ஜினுக்கு அதை ஊற்றுவதில் தப்பில்லை. அதைத் தாண்டாதீர்கள். ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தீர்களா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிப் பேர் அமைதியாகிவிடுகிறார்கள்.

ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி கரகரவென்று சங்கிலி உரசும் சத்தம். பிறகு நாள் முழுக்க ஒன்றும் இல்லை.

டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. இரவில் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிட்டால் பிரஷர் ஏறும்வரை செயின் தொளதொளவென்று அடிக்கும். ஆயில் ஃபில்டருக்குள் அந்த வடிதலைத் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. மட்டமான ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துவிடும். நல்ல ஃபில்டர் மாட்டி ஒரு வாரம் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை, அல்லது சூடான இன்ஜினிலும் கேட்கிறது என்றால் டென்ஷனரையும் பிளாஸ்டிக் கைடையும் பார்த்தாக வேண்டும். செயின் ஒரு பல் தாண்டினால் பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்.

அப்பாவின் பழைய டீசல் பிக்கப். திடீரென்று ஒரு சிலிண்டர் மட்டும் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கிறது. இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்து பார்க்கலாம் என்று அப்பா சொல்கிறார். பாதுகாப்பானதா அண்ணா?

என்ன வகை பம்ப் என்பதைப் பொறுத்தது, தங்கச்சி. பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் அப்பா சொல்வது பரம்பரை முறை, சரியான முறை. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஐட்லிங்கில் ஒரு நட்டை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். அந்த சிலிண்டர் செத்துச் சத்தமும் அடங்கினால் அதுதான் இடம். அதோடு நிற்காதீர்கள். பேரிங் சத்தமும் அப்படித்தான் அடங்கும். அந்த இன்ஜெக்டரைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் மாற்றி மாட்டுங்கள். சத்தமும் கூடவே நகர்ந்தால் இன்ஜெக்டர். நாசில் சொட்டுகிறது, டெஸ்ட் செய்து மாற்றினால் முடிந்தது. சத்தம் பழைய இடத்திலேயே இருந்தால் கீழே பார்க்க வேண்டும்.

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) என்றால் அந்த நட்டில் ஸ்பேனரே வைக்கக் கூடாது. அங்கே பிரஷர் ஐட்லிங்கிலேயே நூற்றுக்கணக்கான பார், முழு லோடில் 1,000 பாரை எளிதாகத் தாண்டும். ஊசி முனை அளவு பீய்ச்சல் கையுறையையும் தோலையும் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஸ்கேனரில் இன்ஜெக்டர் கரெக்‌ஷன் எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலின் (ரிட்டர்ன்) அளவையும் பாட்டிலில் பிடித்து ஒப்பிடச் சொல்லுங்கள். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பெல்ட் மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் கீச் கீச்.

இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் அடங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தால் ஏதோ ஒரு புல்லி கோணலாக நிற்கிறது. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷனர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கீச் இல்லாமல் உறுமலாக இருந்தால் பேரிங். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். மணல் அரைவது போல விரலில் தெரியும்.

ஏற்றத்தில் லோடோடு போகும்போது மட்டும் இன்ஜினிலிருந்து கிலுகிலு என்று சத்தம். பெட்ரோல் வண்டி.

கியரைக் குறைத்ததும் உடனே நின்றால் அது நாக்கிங். சுடர் வந்து சேரும் முன்பே பெட்ரோல் தானாக வெடிக்கிறது. மேனுவல் சொல்லும் ஆக்டேன் பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பது முதல் வேலை, அதுதான் சுலபம். பிறகு இன்ஜின் சூடு, இக்னிஷன் டைமிங், இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது), அடைத்துப்போன பெட்ரோல் ஃபில்டர், பிஸ்டன் தலையில் சேர்ந்த கரி, இந்த வரிசையில். தள்ளிப்போட்டால் பிஸ்டனின் ரிங் காடிகள் உடையும். நின்ற இடத்தில் ரேஸ் செய்தாலும் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் அதே கிலுகிலு கேட்கிறதா? அப்படியானால் சைலன்சர் மேலிருக்கும் வெப்பத் தகடு தளர்ந்திருக்கிறது. ஒரு ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், வேலை முடிந்தது.

பழைய பிக்கப் ஒன்றை வாங்கப் போகிறேன். இன்ஜின் சத்தத்தை எப்படிச் சோதிப்பது?

போனதும் ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள். பானெட்டைத் திறந்து வால்வு கவரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன காலைச் சத்தங்களில் ஒன்றுகூட இனி உங்களுக்குக் கேட்காது. நாளைக் காலை வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.