ஈ எங்கே போனாலும் எப்படிப் பிழைக்கிறது?

"வெயில், மழை, குளிர் எதுவானாலும் ஈ மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு துடைத்தும் ஈ போகாத எரிச்சலில் கேட்டிருப்பீர்கள். ஈ மொய்த்தால் அழுக்கு வீடு என்று எழுத வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் அம்மா விடியக்காலை நாலு மணிக்கே மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிடுவார்.

பர்மாவில் பெகு எங்கள் ஊர். ஆறு மாடு வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றினோம். வெயில் காலத்தில் அம்மா சாணியை அன்றன்றே வறட்டி தட்டிவிடுவார்; ஈ அவ்வளவாக இருக்காது. வைகாசியில் மழை பிடித்தால் ஐப்பசி வரை விடாது. வறட்டி காயாது, சாணி குவியும். ஒரு வருடம் பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மா ஈ மொய்த்த சோற்றுத் தட்டை அப்படியே எடுத்துவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். பால் வாங்குவதையும் நிறுத்திவிட்டார். அப்பா அன்றைக்கே புழு நெளிந்த சாணியை மூலையில் கொட்டி, ஒரு சாண் மண் போட்டு மூடினார். ஒரு வாரத்தில் அந்த மண்ணைப் பிளந்துகொண்டு ஈக்கள் வெளியே வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிற்பாடு படித்துத்தான் காரணம் புரிந்தது. வீட்டு ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும். வெக்கையில் ஒரே நாளில் பொரியும். புழுவுக்கு ஈரம் வேண்டும். ஆனால் வளர்ந்ததும் ஈரத்தை விட்டு விலகி, காய்ந்த மண்ணுக்குள் போய், தன் தோலையே பழுப்பு ஓடாக இறுக்கிக்கொள்ளும். வெளியே வரும்போது நெற்றியில் ஒரு பையைப் புடைக்கவைத்து ஓட்டை உடைக்கும், மண்ணையும் முட்டித் தள்ளும். வெயிலில் முட்டையிலிருந்து ஈயாக 7 முதல் 10 நாள். குளிரில் அதுவே வாரக்கணக்காக நீளும். பறக்கிற ஈயை மட்டும் அடித்து ஓய்ந்தால் என்ன பயன்? அடுத்த கூட்டம் மண்ணுக்குள் தயாராக இருக்கிறது.

ஈ, கொசு எல்லாம் சேர்ந்த பூச்சி வரிசையிலேயே அண்டார்டிகாவில் இறக்கையில்லாத ஓர் இனம் புழுவாகவே இரண்டு குளிர்காலம் கடக்கிறது. கலிபோர்னியாவில் ஒன்றின் புழு கச்சா எண்ணெய்க் குட்டையில் வளர்கிறது. அவை வீட்டு ஈ இல்லை, தெரியும். புழுப் பருவத்தில்தான் இவற்றின் பலமே இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்று. நான் என்ன எழுதினாலும், "பர்மாத் தமிழர்கள்தான் 1964லேயே கப்பலேறி வந்துவிட்டார்களே, நீங்கள் யார்?" என்று ஒருவர் கேட்கிறார். எல்லாரும் வரவில்லை ஐயா. நாங்கள் இங்கேயே இருக்கிறோம். இந்தத் தமிழ் எழுத்தைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து படித்தோம். கேட்கும்போது வலிக்கிறது.

உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு வாரமாக ஈரத்தோடு கிடப்பது எது என்று தேடுங்கள். மறு மழைக்கு அப்பா பால் காய்ச்சும் அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டி கட்டினார். அம்மா மெல்லிசாகத் தட்டிப் பரப்பிய வறட்டி, புழு வளருமுன் அந்தச் சூட்டில் காய்ந்தது. ஈ அடியோடு போகவில்லை. ஆனால் புரட்டாசியில் பக்கத்து வீட்டம்மா மறுபடி பாலுக்குச் செம்பை நீட்டினார்.