எட்டு மைக் வேண்டாம், இரண்டைச் சேர்த்து வையுங்கள்

கேள்வி: முப்பது பேர் கொண்ட எங்கள் இசைக்குழுவைத் தேவாலயக் கூடத்தில் பதிவு செய்தோம். மேடையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கார்டியாய்டு மைக் (முன்னால் வரும் ஒலியை அதிகமாகப் பிடிக்கும் வகை). வீட்டு ஸ்பீக்கரில் வயலின் இடது ஓரம், செல்லோ வலது ஓரம், நடுவில் வெறுமை. இன்னும் ஆறு மைக் வேண்டும் என்கிறார் மைக் வாடகைக்கு விடுபவர். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். மைக் எண்ணிக்கைக்கு வாடகை வாங்குபவர் அப்படித்தான் சொல்வார். எட்டு மைக் வைத்தால் ஒரே வயலின் எட்டிலும் வெவ்வேறு நேரத்தில் விழும். கலக்கும்போது ஓசை உலோகக் குழாயில் கேட்பதுபோல் ஆகிவிடும். உங்கள் குறை இடைவெளியில் இருக்கிறது. ஓரத்து மைக் தன் பக்கத்து ஆட்களைத்தான் உரக்கக் கேட்கும். நடுவிலுள்ள வயோலாவும் புல்லாங்குழலும் இரண்டுக்குமே தூரம்.

இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் மாட்டுங்கள். முனைகளுக்கு நடுவே 17 செ.மீ., இரண்டுக்கும் இடையே வெளிநோக்கி 110 பாகை விரிவு. பிரெஞ்சு வானொலியில் உருவான ஓஆர்டிஎஃப் முறை இது. நம் காதுகளின் இடைவெளியை ஒட்டியது. இசை நடத்துநரின் முதுகுக்குப் பின்னால், சுமார் 3 மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். இந்த ஜோடி ஏறக்குறைய 95 பாகை அகலத்தைத்தான் ஸ்பீக்கர்களுக்கு நடுவே பரப்பும். முன்வரிசை 8 மீட்டர் என்றால் அதிலிருந்து மூன்றரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். நெருங்கினால் ஓரத்துக் கலைஞர்கள் ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொள்வார்கள். விலகினால் கூடத்தின் எதிரொலிதான் மிஞ்சும். ஒத்திகையில் அரை மீட்டராக நகர்த்திப் பதிந்து, ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுங்கள். ஹெட்ஃபோன் அகலத்தைக் கூட்டிக் காட்டும்.

பதிவுக் கருவியை 24 பிட்டில் வையுங்கள்; மிக உரத்த இடத்திலும் அளவுமானி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டைக் கட்டாயம் அணையுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய பகுதியும் முழக்கமும் ஒரே உயரமாகிவிடும்.

ஹார்ப் (யாழ் போன்ற பெரிய நரம்புக் கருவி) இருந்தால் மட்டும் அதன் அருகே மூன்றாவது மைக். அதிலும் ஒரு சிக்கல். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லி நொடி ஆகும். ஹார்ப் மைக் ஜோடியிலிருந்து 7 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் ஒலி 20 மில்லி நொடி முந்திப் பதிவாகிறது. காது முதலில் வந்ததையே நம்புவதால் ஹார்ப் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். டேப்பால் தூரத்தை அளந்து, 2.9-ஆல் பெருக்கி, அந்தத் தடத்தை மென்பொருளில் அவ்வளவு பின்தள்ளுங்கள். ஜோடியில் ஹார்ப் எந்தத் திசையில் கேட்கிறதோ, அந்தத் தடத்தையும் அதே திசையில் வையுங்கள். தடத்தின் ஒலியை மெல்லக் கூட்டி, மீட்டல் தெளிந்ததும் நிறுத்தி, ஒரு டெசிபல் குறையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், கூடத்தின் நிர்வாகம் "ஸ்டாண்டு பார்வையை மறைக்கும், எங்கள் ஒலி மிக்ஸரிலிருந்து வயர் தருகிறோம்" என்று சொல்லலாம். மூன்று வீடியோ கேமராவை நடுவழியில் நிறுத்த விடுபவர்கள், ஒரு மெல்லிய கம்பியை மறுப்பதில் என்ன நியாயம்? அந்த வயரில் வருவது அறிவிப்பாளர் மைக்கும் மேடை மைக்குகளும் மட்டுமே. இசைக்குழு அதில் இல்லை. ஒத்திகைக்கு முன்பே அனுமதியை எழுத்தில் வாங்கி, ஸ்டாண்டின் காலில் மணல்மூட்டை வையுங்கள்.