பிரேக் பைப்பை வீட்டிலேயே மாற்றினால் குற்றமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் இருக்கிறேன். 2006-இல் வாங்கிய மாருதி 800 வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் பின்பக்கம் போகும் பிரேக் பைப் துருப்பிடித்து, லேசாக பிரேக் ஆயில் கசிகிறது. எனக்கு வேலை தெரியும், வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். ‘அது சட்டவிரோதம், விபத்தானால் இன்சூரன்ஸும் வராது’ என்கிறார் மைத்துனர். உண்மையா?

பதில்: முதலில் காரை வெளியே எடுக்காதீர்கள். கடைத்தெரு வரைக்கும்கூட வேண்டாம். ஆபத்தான கோளாறு இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தும், வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் 1,500 ரூபாய். அந்தக் கோளாறால் யாருக்காவது காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு வரும். அதில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. கசிவு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது.

சரி, மைத்துனர் சொன்னதற்கு வருவோம். சொந்த வண்டியை நீங்களே பழுதுபார்க்க மோட்டார் வாகனச் சட்டத்தில் தடை இல்லை. 52-ஆம் பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை. அதே அளவு பைப்பை அதே இடத்தில் போடுவது அதில் வராது. ஆனால் பைப்புக்குப் பதில் ரப்பர் ஹோஸைச் செருகி கிளாம்ப் போடுவது, துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஸ்பானர் பிடித்தது யார் என்பதைவிட, உரிமையாளர் எவ்வளவு கவனம் எடுத்தார் என்பதையே நீதிமன்றம் பார்க்கும். இங்கிலாந்தில் ஒரு லாரியின் பிரேக் பைப், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருப்பிடித்து உடைந்து ஒருவர் இறந்தார். வாராவாரம் கண்ணால் பார்த்தோம் என்றார்கள் உரிமையாளர்கள். அரிப்பை உண்டாக்கும் சூழலில் லாரி ஓடியதா என்பதை அவர்கள் விளக்கவில்லை. 1969-இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர்களையே பொறுப்பாக்கியது. எந்திரக் கோளாறு என்றால், கவனமாக இருந்தும் அது மறைந்திருந்தது என்று உரிமையாளரே நிரூபிக்க வேண்டும் என்று நமது உச்ச நீதிமன்றமும் 1977-இல் மீனு மேத்தா வழக்கில் சொன்னது. கடலோரத்தில் கார் வைத்திருக்கும் உங்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் மைத்துனர் பாதி சரி. அடிபட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு தர மறுக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சில காரணங்களையே அனுமதிக்கிறது. ‘வீட்டில் பழுதுபார்த்தார்’ என்பது அதில் இல்லை. உங்கள் காரின் சேதத்துக்குக் கேட்கும்போதுதான் சிக்கல். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. தேய்மானத்துக்கும் பணம் தரமாட்டார்கள்.

வேலை தெரியும் என்கிறீர்கள், செய்யுங்கள். ஒரு பைப் போயிருந்தால் மற்றவையும் அதே உப்புக்காற்றில்தான் இருந்திருக்கின்றன, எல்லாவற்றையும் பாருங்கள். பாகங்களின் பில்லையும், கழற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் தேதியோடு வையுங்கள். அப்புறம், ரோட்டில் ஓட்டுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்து, பிரேக்கைச் சோதிக்கச் சொல்லி கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வுக்குப் போவீர்கள். அதில் தேறியதைக் காட்டி, இடையில் வந்த கசிவுக்குப் பொறுப்பில்லை என்று வாதாட முடியாது. இந்தக் காகிதங்களைக் காட்டி வாதாடலாம்.