கடனை அடைத்த ஆல்பர்ட்டாவும் நம் ஊர் வெள்ளைக்கல்லும்: கேள்வி பதில்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 2004-ல் தன் அரசுக் கடனை அடைத்து முடித்துவிட்டதாக அறிவித்தது. போன வாரம் நம் சேலம் வாசகர் வட்டத்தில் அதைப் பற்றி நான் எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பணிக்காலம் முழுக்க அரசுக் கணக்குகளோடு பழகியவன் என்பதால் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். பொது நிதிதான் என் துறை. கனடா விசா, பங்குச் சந்தை பற்றிக் கேட்டவர்கள் அதில் விவரம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: பூமிக்குள் எண்ணெய் இருக்கிற ஊருக்குக் கடன் எப்படி வந்தது சார்?

முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆல்பர்ட்டா முதலில் ஏழை விவசாய மாகாணம். கனிம உரிமையே 1930 வரை ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசிடம்தான் இருந்தது. 1936-ல் கடன் பத்திரத்துக்குப் பணம் கொடுக்க முடியாமல் கைவிரித்த மாகாணம் அது. 1947 பிப்ரவரியில் லெடுக் என்ற இடத்தில் பெரிய எண்ணெய்க் கிணறு கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது.

1976-ல் பீட்டர் லோஹீட் முதல்வராக இருந்தபோது ஒரு சேமிப்பு நிதியைத் தொடங்கி, கனிம வருவாயில் 30 விழுக்காட்டை அதில் போட்டார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது நீடிக்கவில்லை. பங்கை 15 விழுக்காடாகக் குறைத்தார்கள், 1987-ல் போடுவதையே நிறுத்தினார்கள். காரணம், 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது. விலை உயர்ந்திருந்தபோது ஏற்றி வைத்த செலவு அப்படியே நின்றது, வரவு மட்டும் போய்விட்டது. வருடா வருடம் பற்றாக்குறை விழுந்து 1990-களின் நடுவில் கடன் சுமார் 23 பில்லியன் கனடா டாலருக்கு (ஒரு பில்லியன் என்பது நூறு கோடி) வந்து நின்றது. வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு பில்லியனுக்கு மேல் போனது.

1992 கடைசியில் முதல்வரான ரால்ஃப் க்ளைன் செலவை வெட்டினார். அரசு ஊழியர் சம்பளத்தில் 5 விழுக்காடு பிடித்தார்கள். பற்றாக்குறையே கூடாது என்று 1993-ல் ஒரு சட்டம், கடனை அடைக்க 1995-ல் ஒரு சட்டம், உபரியில் முக்கால் பங்கு கடனுக்குத்தான் போக வேண்டும் என்று 1999-ல் இன்னொன்று. அப்புறம் 2000-க்குப் பிறகு இயற்கை எரிவாயு விலை ஏறியது. 2005-06-ல் மட்டும் கனிம வருவாய் 14 பில்லியன் டாலரைத் தாண்டியது, அதில் பாதிக்கு மேல் எரிவாயு. எல்லோரும் எண்ணெய் எண்ணெய் என்கிறார்கள், கடனை அடைத்ததில் பெரும் பங்கு எரிவாயுவுக்கு.

ஓமலூரிலிருந்து: ஒரே நாளில் மொத்தக் கடனையும் எப்படித் திருப்பிக் கொடுத்தார்கள்?

கொடுக்கவில்லை தம்பி. 2004 ஜூலை 12 அன்று க்ளைன் ஆல்பர்ட்டாவின் பெரிய நகரமான கால்கரியில் அறிவித்தது, மிச்சமிருந்த கடனை அடைக்கத் தேவையான பணம் சேர்ந்துவிட்டது என்பதைத்தான். அரசுக் கடன் பெரும்பாலும் பத்திரங்களாக இருக்கும். முதிர்வுத் தேதிக்கு முன்னால் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னால் வைத்திருப்பவர் சும்மா சம்மதிக்க மாட்டார், கூடுதல் விலை கேட்பார். அதனால் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்து, பத்திரம் முதிர முதிரக் கொடுத்தார்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை, இன்று பல முறை சொல்லப் போகிறேன்: யாராவது 'கடன் இல்லை' என்று சொன்னால் எந்தக் கடன் என்று கேளுங்கள். ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு அங்கே பெரிய பாக்கி இருந்தது. 2004 அறிவிப்பில் அது சேரவில்லை. பழைய பாக்கியில் ஆசிரியர்களின் பங்கையும் அரசு 2007-ல் தன் தலையில் ஏற்றுக்கொண்டது.

கிச்சிப்பாளையத்திலிருந்து: தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இத்தனை லட்சம் கடன் என்கிறார்களே, உண்மையா?

மாநில நிதி நிலை பற்றித் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று வகுத்துக் காட்டியது. வகுத்தல் சரி. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பயப்படுவதில் அர்த்தம் இல்லை. மாநிலக் கடனை மாநிலத்தின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட வேண்டும், வட்டியை வருவாயோடு ஒப்பிட வேண்டும். நம் மாநிலத்தில் கடன், உற்பத்தியில் நாலில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறது.

கருப்பூரிலிருந்து: எங்கள் பக்கம் நூறு வருடத்துக்கு மேலாக வெள்ளைக்கல் எடுக்கிறார்கள். அதை ஒழுங்காக விற்றால் தமிழ்நாடும் ஆல்பர்ட்டா மாதிரி கடனை அடைக்க முடியாதா?

முடியாது. ஆனால் நியாயமான கேள்வி, காரணத்தைச் சொல்கிறேன்.

வெள்ளைக்கல்லுக்கு ஆங்கிலத்தில் மேக்னசைட் என்று பேர். மேக்னசைட் சந்திப்பு என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பேர் வைக்கும் அளவுக்கு இந்தக் கல் நம் ஊரோடு கலந்தது. உருக்காலை உலைகளுக்கு வேண்டிய தீ தாங்கும் செங்கல்லுக்கு இது போகிறது. மதிப்புள்ள கல்தான். இருந்தும் தமிழ்நாட்டுக் கனிமம் முழுவதையும், நெய்வேலி நிலக்கரி, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், கிரானைட் எல்லாம் சேர்த்து, கணக்குப் போட்டாலும் மாநிலத்தின் சொந்த வரி வருவாயோடு வைத்துப் பார்க்கையில் நூற்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. நம் அரசு நடப்பது விற்பனை வரியிலும் பத்திரப் பதிவிலும் மதுவிலும் பெட்ரோலிலும். ஆல்பர்ட்டாவில் நேர் எதிர், அங்கே மாகாண விற்பனை வரியே கிடையாது.

இன்னொன்று, மேக்னசைட் போன்ற பெருங்கனிமங்களுக்கு ராயல்டி, அதாவது கல் எடுப்பவர் அரசுக்குக் கட்டும் தொகை, எத்தனை விழுக்காடு என்பதை டெல்லிதான் நிர்ணயிக்கிறது. பணம் மாநிலத்துக்கு வரும், விலையைச் சொல்லும் வாய் நம்மிடம் இல்லை. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நீண்ட வழக்கு உண்டு. சுண்ணாம்புக்கல் ராயல்டி மேல் நம் ஊராட்சிச் சட்டப்படி போட்ட மேல்வரியை 1989-ல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற கணக்கில், ராயல்டி வரி அல்ல, கனிம உரிமை மேல் வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு சொன்னது. அதன் பிறகுதான் தமிழ்நாடு கனிமம் உள்ள நிலத்துக்குத் தனி வரிச் சட்டம் போட்டு 2025 ஏப்ரலிலிருந்து வசூலிக்கிறது. நல்ல திருப்பம் என்றே நினைக்கிறேன். கடனை அடைக்கும் அளவுக்கு அதில் வராது.

ஆத்தூரிலிருந்து: சேலத்துக்குப் பக்கத்துக் கஞ்சமலை இரும்பை விற்றால்?

அதே பதில். கஞ்சமலை இரும்பை நம்பித்தான் சேலம் உருக்காலையைக் கேட்டு வாங்கினோம். கடைசியில் 1980-களில் வந்தது துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலை.

ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா: என் மகள் கால்கரியில் செவிலியர். கடனை அடைக்கிறோம் என்று அங்கே ஆஸ்பத்திரியையே வெடி வைத்துத் தகர்த்தார்களாம், மூத்த செவிலியர்கள் இன்றும் ஆறாமல் சொல்கிறார்களாம். உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லையே?

உண்மைதான் அம்மா. 1998 அக்டோபர் 4 அன்று கால்கரி ஜெனரல் மருத்துவமனைக் கட்டடத்தைத் தகர்த்தார்கள். அதோடு ஹோலி கிராஸ், கிரேஸ் மருத்துவமனைகளும் அந்தக் காலத்தில் மூடப்பட்டன. வேலை இழந்த செவிலியர்கள் வேறு மாகாணங்களுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். ஊரோ வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. பின்னால் நகரின் தெற்கே ஒரு பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்துப் புது மருத்துவமனை கட்ட வேண்டி வந்தது.

ஓமலூர்த் தம்பி குறுக்கிட்டு: கடன் வாங்கினால் கட்டித்தான் ஆக வேண்டும். வட்டிக்குப் போகிற பணம் ஆஸ்பத்திரிக்குப் போகாதே. வெட்டியது சரிதான்.

ஏற்காட்டு அம்மா: ஆஸ்பத்திரி இல்லாமல் போனதும் கடன்தான் தம்பி. அது பாங்கிக் கணக்கில் தெரியாது, வராந்தாவில் படுத்திருக்கிற நோயாளிக்குத் தெரியும்.

இந்த விவாதத்தைத் தள்ளிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக எனக்கு மனம் இல்லை. இருவர் சொல்வதும் இரண்டு வேறு காலத்துக்குப் பொருந்துகிறது. 1993 முதல் சில வருடங்கள் பற்றாக்குறையை மூடியதில் செலவு வெட்டுக்குப் பெரிய இடம் உண்டு. அங்கே அம்மா சொல்வதே சரி. பழுது பார்க்காத பள்ளிக்கூடம், போடாத ரோடு, மூடிய மருத்துவமனை எல்லாம் பின்னால் கூடுதல் விலையோடு திரும்பி வந்தன. 2000-க்குப் பிறகு நடந்தது வேறு. எரிவாயுப் பணம் கொட்டியபோது அதைச் செலவில் கரைக்காமல் கடனுக்குத் திருப்பினார்கள். அங்கே தம்பி சொல்வது சரி. வட்டிச் சுமை இறங்கியதும் உண்மை.

ஆனால் எனக்கு மனக்குறை வேறு இடத்தில். அம்மா, உங்கள் தோட்டத்தில் மிளகு பறித்து விற்றால் அடுத்த வருடம் கொடி மறுபடி காய்க்கும். தோட்டத்து மேல்மண்ணை லாரியில் ஏற்றி விற்றால் அந்தப் பணத்தை வருமானம் என்று எழுதுவீர்களா? எண்ணெயும் வெள்ளைக்கல்லும் அந்த மண்தான். அதை விற்ற பணம் இன்னொரு சொத்தாக மாற வேண்டும். கடனை அடைப்பது, சேமிப்பு நிதியில் போடுவது, மருத்துவமனை கட்டுவது மூன்றுமே அப்படி மாற்றும் வழிகள்தான். சம்பளத்துக்கும் வரிச் சலுகைக்கும் போனால் அது போனதுதான். ஆல்பர்ட்டா கடனை அடைத்தது, ஆனால் அன்றாடச் செலவை எரிவாயுவிலிருந்து பிரிக்கவே இல்லை. 2008-க்குப் பிறகு எரிவாயு விலை விழுந்தது, 2014-ல் எண்ணெய் விழுந்தது. 2021-க்குள் பழைய உச்சத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் கடன் ஏறியிருந்தது. மருத்துவமனையை இழந்து அடைத்த கடன் திரும்பவும் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஏற்காட்டு அம்மா: அப்படியானால் அடைக்காமலே இருந்திருக்கலாமா?

அடைத்திருக்க வேண்டும், அதோடு விற்பனை வரி ஒன்றைச் சிறிய அளவிலாவது போட்டிருக்க வேண்டும். விலை உச்சத்தில் இருக்கும்போது வரி போட அரசியலில் துணிவு வருவதில்லை, விழுந்த பிறகு மக்களிடம் கொடுக்கப் பணம் இருப்பதில்லை. சேமிப்பு நிதிக்கும் தொடர்ந்து போட்டிருக்க வேண்டும்.

சூரமங்கலத்திலிருந்து: குடும்பத்துக்கு எவ்வளவு கடன் என்று சொல்லவே இல்லையே?

கிச்சிப்பாளையத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மேட்டூரிலிருந்து: ஆல்பர்ட்டாவில் ஆளுக்கு 400 டாலர் கொடுத்தார்களாமே, நமக்கும் அப்படிக் கொடுத்தால் என்ன?

2006 ஜனவரியில் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் 400 டாலர் காசோலை போனது. மொத்தம் சுமார் 1.4 பில்லியன் டாலர். கடன் தீர்ந்த கொண்டாட்டத்தில் செய்த தவறு என்பது என் கருத்து. கொடுப்பதே தவறு என்று சொல்லவில்லை. எண்ணெய் எடுக்கும் அமெரிக்க மாநிலமான அலாஸ்காவில் முதலில் நிதியைச் சேர்த்து, அதன் வருமானத்திலிருந்து 1982 முதல் வருடா வருடம் பங்கு கொடுக்கிறார்கள். அதில் அசல் அப்படியே இருக்கும்.

நாமக்கல்லிலிருந்து: நம் நாட்டில் இப்படி யாரும் செய்யவில்லையா?

ஒடிசாவைப் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் கடன் மாநில உற்பத்தியில் பாதியை எட்டிய, சம்பளம் போடவே திணறிய மாநிலம். இரும்புத் தாது விலை ஏற்றமும், 2020-ல் குத்தகை முடிந்த சுரங்கங்களை ஏலம் விட்டதும் பெரும் வருவாய் தந்தன. இன்று கடன் விகிதம் நம்மைவிட வெகுவாகக் குறைவு. ஏற்காட்டு அம்மா கேட்டதை அங்கேயும் கேட்க வேண்டும்: கியோஞ்சரிலும் சுந்தர்கரிலும் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரில் ஆஸ்பத்திரி எப்படி இருக்கிறது?

சங்ககிரியிலிருந்து: நார்வே கடனே இல்லாத நாடுதானே?

எந்தக் கடன்? நார்வே அரசு இன்றும் பத்திரம் வெளியிடுகிறது. கடனைவிடப் பல மடங்கு பெரிய சேமிப்பு அதனிடம் இருக்கிறது, அவ்வளவுதான். 1990-ல் சட்டம் போட்டார்கள், 1996-ல் முதல் பணம் போட்டார்கள். நிதியின் எதிர்பார்க்கும் லாபத்தை மட்டும் செலவழிக்கலாம் என்று 2001-ல் 4 விழுக்காடு விதி வைத்தார்கள், 2017-ல் அதை 3 ஆக்கினார்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: சார், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கடன்?

மூன்றாவது முறை. மேலே இருக்கிறது, தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கருப்பூர்க்காரர் மறுபடியும்: கடனை விடுங்கள் சார். எங்கள் ஊர்க் கல்லுக்கு எங்களுக்கு என்ன வருகிறது?

வருகிறது, கேட்டால்தான் தெரியும். 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகையாக இருந்தால் ராயல்டிக்கு மேல் அதில் 30 விழுக்காடும், அதற்குப் பிறகு ஏலத்தில் போனதாக இருந்தால் 10 விழுக்காடும் சுரங்கம் நடத்துபவர் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்குக் குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் இவற்றுக்கு அது முதலில் போக வேண்டும். மாவட்ட ஆட்சியர்தான் அதன் தலைவர்.

உங்கள் பகுதிக்கு எந்தெந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எவ்வளவு வங்கியில் கிடக்கிறது என்று மூன்று கேள்வியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பக்கத்துக் கிராம ஊராட்சிக்காரர்கள் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே போடலாம். பதில் வந்ததும் இங்கே கொண்டு வாருங்கள், கணக்கை நாம் சேர்ந்து படிக்கலாம்.