முட்டையை யார் அவிக்கிறார்கள்?

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் வடசென்னையில் கொருக்குப்பேட்டை. வயது 28. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஐந்து வருஷமாக ஜிம் போகிறேன், ஒரு நாள் கூட டயட் தவறியதில்லை. இப்போது 78 கிலோ. இந்த முறை மாவட்டப் போட்டியில் 75 கிலோ பிரிவில் ஸ்டேஜ் ஏற ஆசை. வாரத்தில் ஆறு நாள், தினமும் இரண்டரை மணி நேரம் பயிற்சி. ஒரு நாளைக்கு 15 முட்டை வெள்ளை, 600 கிராம் கோழி, இரண்டு ஸ்கூப் புரோட்டீன் பவுடர். உப்பு, எண்ணெய், சர்க்கரை எதையும் தொடுவதில்லை. அம்மா நாலரை மணிக்கு எழுந்து எல்லாவற்றையும் வேக வைத்து டப்பாவில் போட்டுக் கொடுப்பார்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் தங்கச்சி வளைகாப்பில் எல்லோரும் இலையில் உட்கார்ந்தபோது நான் என் டப்பாவைத் திறந்தேன். தங்கச்சி அழுதுவிட்டாள். மனைவி "நீங்க ஜிம்மையே கட்டியிருக்கலாம்" என்கிறாள். மாஸ்டரிடம் சொன்னால், "பாடி வேணும்னா சொந்தம் பந்தம்லாம் பாக்கக் கூடாது, அதான் டிசிப்ளின்" என்கிறார். சின்னதாக ஒரு கோர்ஸ் (ஸ்டீராய்டு ஊசி) போட்டால் ரிசல்ட் சீக்கிரம் வரும் என்றும் சொல்கிறார். இரண்டையும் சேர்த்து நடத்த வழி இருக்கிறதா? பெயர் போட வேண்டாம்.

கொருக்குப்பேட்டை வாசகர்

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டது ஒன்று, என் கண்ணில் பட்டது வேறொன்று. அந்த நாலரை மணி. நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் அம்மாவுக்குப் பிறகுதான் என்று தெரிகிறது. நீங்கள் பல் துலக்கி வரும்போது 15 முட்டையும் தோல் உரித்துத் தயாராக இருக்கும், கோழி ஆறிக்கொண்டிருக்கும், நேற்றைய டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். ஐந்து வருஷமாக ஒரு நாள் தவறாமல் நான் டயட்டில் இருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள், பெருமைதான், ஆனால் அதில் சரிபாதி உங்கள் அம்மாவின் டிசிப்ளின், அவருக்கு யாரும் மெடல் போடப் போவதில்லை.

வீட்டுச் சண்டைக்குக் காரணம் ஜிம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜிம் போகிறவன் வீட்டில் யாருக்கும் அவன் மீது கோபம் வராது, குடித்துவிட்டு வருவதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் நம் பக்கத்து அம்மாக்கள் சொல்வார்கள். உங்கள் ஆசைக்கு மற்றவர்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்கள், அதை நீங்கள் கவனிக்கவே இல்லை, அதுதான் கோபம். அதனால் முதல் வேலையாக உங்கள் சாப்பாட்டை நீங்களே சமையுங்கள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு முட்டையை இறக்கி 11 நிமிஷம் விட்டு, எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால் ஓடு கையோடு வந்துவிடும். தோலோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை கெடாது, அதனால் தினமும் அடுப்பு மூட்ட வேண்டியதும் இல்லை. கோழியைத் தயிர், இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகுத்தூள், உப்பு போட்டுப் பிசறி, தண்ணீர் விடாமல் குக்கரில் சின்னத் தீயில் வைத்தால் அதுவே தண்ணீர் விட்டு வெந்துவிடும். ஞாயிறும் புதனும் செய்துகொண்டால் வாரம் ஓடிவிடும்.

ஆமாம், உப்பு போடுங்கள். மணலி வெயிலில், கன்டெய்னர் தகரத்துக்கு நடுவில், நாள் முழுக்க வியர்த்துக் கொட்டுகிற ஆள் உப்பை நிறுத்துவது என்ன வைராக்கியம்? வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் இல்லையே. கால் இழுத்துப் பிடிப்பது, தலை கிறுகிறுப்பது, பயிற்சிக்கு நடுவில் கண் இருட்டுவது, இதெல்லாம் உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உப்பை நிறுத்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம் அந்த 15 முட்டையின் மஞ்சள் கரு எங்கே போகிறது? முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது, வைட்டமின் ஏ, டி, பி12 எல்லாம் அங்கேதான். சரி, மொத்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 15 வெள்ளையில் 54 கிராம் புரதம், 600 கிராம் கோழியில் 130க்கு மேல், பவுடரில் 48. கூட்டினால் 230 கிராமைத் தாண்டுகிறது. 2018ல் 49 ஆய்வுகளைச் சேர்த்து எடுத்த ஒரு கணக்கு வந்தது. எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் புரதம் சாப்பிட்டால் தசை கூடுவதில் பெரிதாக லாபம் இல்லை என்பதுதான் அதில் தெரிந்தது. உங்கள் எடைக்கு அது 125 கிராம். போட்டிக்காகக் கொழுப்பைக் குறைத்து வற்றும் மாதங்களில் இதைவிடக் கொஞ்சம் கூட்டலாம். மற்ற நாட்களில் நீங்கள் சாப்பிடுவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது வெறும் செலவு. மாதக் கடைசியில் மனைவியிடம் கைமாற்றுக் கேட்கிற பழக்கம் இருந்தால் அந்தப் பவுடர் டப்பாவைத் திருப்பி விலையைப் பாருங்கள்.

125 கிராமுக்குத் தனி அடுப்பு தேவையில்லை. நாலு முழு முட்டையில் 25. கால் கிலோ மீனோ கோழியோ என்றால் 50க்கு மேல். அரை லிட்டர் பாலில் 16. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், மூன்று வேளை சோறு இட்லி சாம்பாரில் வருவது என்று சேர்த்தால் கணக்கு முடிந்துவிடுகிறது. காசிமேடு மீன் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒருவன் வெள்ளைக் கோழியை உப்பில்லாமல் மென்றுகொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல். மத்தியும் கானாங்கெளுத்தியும் கோழிக்கு எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை, நல்ல கொழுப்பு வேறு இருக்கிறது. அம்மா வைக்கிற மீன் குழம்பில் உங்களைக் குண்டாக்குவது ஒன்றும் இல்லை. குழம்பை அளவாக ஊற்றிக்கொண்டு மீனை நாலு துண்டு அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரோடும் உட்கார்ந்து.

பயிற்சியிலும் இதே கதை. தினம் இரண்டரை மணி நேரத்தில் உண்மையான செட் (நிறுத்தாமல் தூக்குகிற ஒரு சுற்று) எவ்வளவு, மொபைல் எவ்வளவு, கண்ணாடி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரு தசைக்கு வாரத்துக்கு 10 முதல் 20 நல்ல செட் என்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதை நாலு நாளில், நாளுக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கலாம். மிச்சம் இரண்டு நாள் காலை உங்களுக்கு வீட்டில் கிடைக்கும். ஒரு நாள் தவறினால் எல்லாம் போய்விடும் என்ற பயம் இருக்கிறதே, அதை விடுங்கள். ஐந்து வருஷம் ஏற்றிய தசை இரண்டு வாரம் விட்டால் கரையாது, கொஞ்சம் குறைந்தாலும் முதலில் ஏற்றியதை விட வேகமாகத் திரும்பி வரும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் வேலை முடித்த கையோடு, ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகிறவரை அரைத் தூக்கத்தில் நின்றுவிட்டு, அப்படியே ஜிம்முக்குப் போய் ஸ்குவாட் போடுகிற வீரம் வேண்டாம். தூங்கி எழுந்து சாயந்திரம் போங்கள். கனமான எடைக்குக் கீழே தூக்கக் கலக்கத்தோடு நிற்பது விபத்துக்கு வழி.

போட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேஜ் ஏறுவதற்காக 12 முதல் 16 வாரம் வற்றுவார்கள், அது ஒரு சீசன். அந்த நாட்களில் டப்பா தேவைதான், தராசு தேவைதான், விருந்துக்குப் போனாலும் நாக்கைக் கட்ட வேண்டியதுதான். நீங்கள் அந்த 16 வாரத்தை இழுத்து ஐந்து வருஷமாக்கிவிட்டீர்கள். வருஷம் பூரா பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிற பையன் எப்போது படிப்பான்? தசை ஏறுவது வயிறு நிறையச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, எடையைக் கூட்டித் தூக்குகிற சாதாரண மாதங்களில்தான்.

எரிச்சல் வருகிறது, சின்ன விஷயத்துக்கெல்லாம் மனைவி மீது பாய்கிறீர்கள் என்றால் (நீங்கள் எழுதவில்லை, என் ஊகம்) அதற்கும் காரணம் இருக்கிறது. 1944-45ல் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் 36 வாலிபர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். நல்ல திடமான பையன்கள். கொஞ்ச நாளில் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை, சமையல் புத்தகத்தை உட்கார்ந்து வாசிக்கிறார்கள், எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கிப் போகிறார்கள். 2013ல் வந்த இன்னொரு ஆய்வில், மருந்து எதுவும் எடுக்காத ஒரு போட்டியாளரைப் போட்டிக்கு முன்னும் பின்னுமாக ஒரு வருஷம் கவனித்தார்கள். ஸ்டேஜ் ஏறும் நேரத்தில் அவருடைய டெஸ்டோஸ்டிரோன் பழைய அளவில் கால் பங்காக இறங்கியிருந்தது, மனநிலையும் கெட்டுப்போயிருந்தது, பழையபடி சாப்பிட்ட பிறகு சில மாதங்களில் சரியானது. நாலு மாதம் இப்படி என்றால் வீடு தாங்கும். "இன்ன தேதி வரைக்கும்தான்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் துணையாகவே நிற்பார்கள். முடிவே இல்லாமல் யார் தாங்குவார்கள்?

உங்கள் மாஸ்டர் சொன்ன சொந்தம் பந்தம் வசனத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை போட்டவர்கள் எல்லாம் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், கட்டுமரம் ஏறியவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். பாடிபில்டிங்கிலேயே வேண்டுமானால் வங்காளத்தின் மனோகர் ஆயிச்சைப் பாருங்கள். ஐந்தடி உயரம் கூட இல்லாத மனிதர். வெள்ளைக்காரன் காலத்தில் விமானப்படையில் அதிகாரியை அறைந்து ஜெயிலுக்குப் போய், அங்கேயே உடம்பை ஏற்றி, 1952ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் குட்டையானவர்கள் பிரிவில் பட்டம் வாங்கியவர். நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். பருப்பு, மீன், நம்மூர்ப் பழைய சோறு மாதிரியான தண்ணீர்ச் சோறு, இவைதான் அவர் சாப்பாடு. 2016ல் நூறு வயதைத் தாண்டித்தான் போனார். அவருக்கு இருந்த டிசிப்ளினில் உங்கள் மாஸ்டர் என்ன குறை கண்டுபிடிப்பார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கோர்ஸ் வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஏறினால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விதை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை இறங்கும், சிலருக்குப் பூஜ்யம் வரை போகும், நிறுத்திய பிறகு திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம். நல்ல கொலஸ்டிரால் குறையும், இதயச் சுவர் தடிக்கும். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தை தள்ளிப்போனால் நம் வீடுகளில் கேள்வி யாரைப் பார்த்து வரும் என்று உங்களுக்கே தெரியும், ஊசி போட்டுக்கொண்டது நீங்களாக இருந்தாலும் டாக்டரிடம் முதலில் இழுத்துக்கொண்டு போவது உங்கள் மனைவியைத்தான். ஏற்கெனவே போட்டிருந்தால் வெட்கப்படாமல் ஒரு நல்ல டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லி ரத்தப் பரிசோதனை எடுங்கள். கடைசி நாளில் தண்ணீரை நிறுத்துவது, தண்ணீர் இறக்குகிற மாத்திரை போடுவது இதற்கும் அதே பதில்தான். 1996ல் ஆஸ்திரியாவின் பாடிபில்டர் ஆந்திரியாஸ் முன்ஸர் 31 வயதில் செத்துப்போனார், ஸ்டேஜில் அவரளவுக்கு வற்றிய ஆள் அப்போது இல்லை என்பார்கள்.

இன்னொன்று, சும்மா தொழில்முறையாக. 78 கிலோவில் இருந்து ஒழுங்காக வற்றினால் நீங்கள் 75 பிரிவில் நிற்க மாட்டீர்கள், 70 பிரிவுக்குத்தான் வருவீர்கள். 75ஐ மனதில் வைத்து எடையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மேலே வழவழவென்று நிற்பீர்கள், பக்கத்தில் நிற்பவன் கோடு கோடாக நிற்பான்.

தங்கச்சி விஷயம். வளைகாப்பு முடிந்ததால் அவள் இப்போது உங்கள் வீட்டில்தான் இருப்பாள், இல்லையா? அப்படியானால் அம்மாவுக்கு நாலரை மணி வேலை போதாதென்று பிரசவத்துக்கு வந்த பெண்ணின் சமையலும் சேர்ந்திருக்கிறது. அதற்காக உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு வசனம் எல்லாம் பேச வேண்டாம், உங்கள் பக்கத்து ஆண்களுக்கு அது வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டுக்குப் போய்ப் பால் சுறா வாங்கி வாருங்கள், மனைவியும் வந்தால் வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று சுறாப் புட்டைத்தான் கொடுப்பார்கள், முன்கூட்டியே செய்யப் பழகிக்கொள்ளலாம். மஞ்சள் போட்டு வேக வைத்து, தோலை உரித்து, உதிர்த்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட வேண்டும், அதில் சோம்பல் பட்டால் புட்டு கூழாகிவிடும். பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாக, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இரண்டு கரண்டி எண்ணெய். வீட்டுக்கே போதும், உங்கள் புரதக் கணக்கும் அதிலேயே முடிந்துவிடும்.

போட்டி எந்த மாதம் என்று எழுதவில்லை. தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிற பிரசவத் தேதியும் உங்கள் 16 வாரமும் ஒன்றோடொன்று மோதுகிறதா என்று முதலில் காலண்டரைப் பாருங்கள். மோதினால் அடுத்த வருஷப் போட்டிக்கு நில்லுங்கள், 29 ஒன்றும் வயதே இல்லை. மோதவில்லை என்றால் தேதியை எனக்கும் எழுதுங்கள், பார்க்க வருகிறேன்.